அத்தை நொட்டை சொல்லாத வாரம்

பள்ளிக்கூட விழாவில் மூன்றாவது வரிசையில் நீங்கள் ஐந்து பேரும் சேர்ந்து உட்கார்ந்திருந்தீர்கள். நம் ஏழாம் வகுப்புப் பெண்களில் ஊரோடு தங்கிவிட்டவர்கள் அவ்வளவுதான். ஒருத்திக்கு முட்டிவலி, ஒருத்திக்குக் காது மந்தம், ஒருத்தி பேரனை மடியில் வைத்துக்கொண்டு அவன் வாயில் பிஸ்கட்டைத் திணித்துக்கொண்டே இருந்தாள். இருந்தாலும் நான் மேடையில் பேசப் பேச நீங்கள் தலையாட்டிய ஆட்டத்தைப் பார்த்து, நான் சொல்வதெல்லாம் நிஜம்தான் என்று எனக்கே தோன்றிவிட்டது.

ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகளுக்கு ‘தொழில்முனைவோர் மனப்பான்மை’ என்று இப்போது ஒரு வகுப்பு வைத்திருக்கிறார்களாம். நம் காலத்தில் அப்படி ஒரு வார்த்தையை டீச்சர் போர்டில் எழுதியிருந்தால், அதை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் மணி அடித்திருக்கும். அந்தப் பிள்ளைகளிடம் நான் என்ன சொன்னேன்? உப்பளத்தில் நின்று நின்று அம்மாவின் கால் வெடித்துப்போனது, அதைப் பார்க்கப் பொறுக்காமல் பன்னிரண்டு வயதில் லாரி டியூப்பை வெட்டிக் காலுக்கு உறை செய்தேன், அளத்துப் பெண்கள் எல்லோரும் கேட்டு வாங்கினார்கள், இன்றைக்குக் கிளியனூர் ரோட்டில் ஷெட் போட்டுப் பதினோரு பெண்களுக்கு வேலை கொடுக்கிறேன் என்றேன். கைதட்டல், சால்வை, போட்டோ எல்லாம் ஆனது.

பள்ளிக்கூடக் கேட்டுக்கு வெளியே வந்ததும் உங்களில் ஒருத்தி, அந்தக் காலத்தில் என் பக்கத்துப் பெஞ்சுக்காரி, என் கையைப் பிடித்துக் கேட்டாள்.

“எல்லாம் நல்லாத்தான் பேசுன. அத்தைய ஏண்டி உட்டுட்ட?”

“டைம் பத்தலடி,” என்றேன்.

டைம் எல்லாம் நிறையத்தான் இருந்தது. அந்த ஹெட்மாஸ்டர் அம்மா இன்னும் பத்து நிமிஷம் பேசச் சொல்லிச் சீட்டு அனுப்பினார். விட்டது நான்தான். மேடையில் விட்டதை இந்தக் கடிதத்தில் எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டுகிறவர்கள் திட்டலாம்.

முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். அம்மா மேல் பாசத்தால் நான் அதைச் செய்யவில்லை. பயத்தால் செய்தேன். அம்மா கால் ஆறாவிட்டால் அம்மா இடத்தில் நான் பாத்தியில் இறங்க வேண்டும், பள்ளிக்கூடம் அத்தோடு முடிந்தது. அதுதான் எனக்கு இருந்த ஒரே கவலை.

உங்களில் இரண்டு பேருக்கு அளத்து வேலை தெரியாது, உங்கள் வீட்டில் கடலுக்குப் போகிறவர்கள். அதனால் சொல்கிறேன். எங்கள் அளத்தில் பாத்தியைத் தனி ஆளிடம் கொடுக்க மாட்டார்கள், ஜோடிக்குத்தான் கொடுப்பார்கள். ஒருத்தி உப்பைப் பலகையால் இழுத்துச் சேர்த்தால் இன்னொருத்தி வாரிக் கரையில் கொட்ட வேண்டும். ஜோடியில் ஒருத்தி படுத்துவிட்டால் மற்றவளுக்கும் வேலை இல்லை. என் அம்மாவுக்கு ஜோடி என் அத்தை, அப்பாவின் அக்கா. பக்கத்து வீடு. அப்பா உப்பு லாரியில் மூட்டை ஏற்றுகிறவர், வீட்டில் வாயே திறக்க மாட்டார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து அத்தைதான் பேசுவாள், முடிவும் அவள்தான் எடுப்பாள்.

அந்த வருஷம் தவக்காலம் தொடங்கும்போதே அம்மாவுக்குக் குதிகாலில் வெடிப்பு. உப்புத் தண்ணீர் அதற்குள் போய்ப் போய் வெடிப்பின் ஓரம் வெள்ளையாக ஊறி, உள்ளே சிவப்பாகத் தெரியும். மத்தியானம் வீட்டுக்கு வந்தால் அம்மா குதிகாலைத் தரையில் வைக்காமல் விரலால் நடந்து அடுப்படிக்குப் போவாள். தேங்காய் எண்ணெயில் மஞ்சளைக் குழைத்து வைத்துத் துணி சுற்றுவாள். மறுநாள் காலையில் அதே துணியோடு போய்த் தண்ணீரில் நிற்பாள். அந்த மஞ்சள், எண்ணெய், உப்பு எல்லாம் கலந்து வரும் வாடை எங்கள் வீட்டுப் பாயில்கூட இருந்தது.

ஒரு நாள் கூழ் எடுத்துக்கொண்டு அளத்துக்குப் போயிருந்தேன். மேஸ்திரி வரப்பில் நின்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. முதலாளி அவரைக் குடைந்தால் அவர் இவர்களைக் குடைவார்.

“ஈஸ்டர் முடிஞ்சி வர்ற திங்கக்கெழம வரைக்கும் பாக்கறேன். கால் சரியாச்சின்னா இரு. இல்லன்னா பொண்ண எறக்கு. ரெண்டும் முடியாதுன்னா சொல்லிடு, வேற ஜோடி போட்டுக்கறேன்.”

அம்மா பதில் சொல்வதற்குள் அத்தை சொல்லிவிட்டாள். “இதுக்கு இன்னா யோசன? பொண்ணுதான் நெட்டையா வளந்து நிக்குதே. ஏழாவது வரைக்கும் படிச்சிச்சி, போதாது? எறக்கிடலாம் மேஸ்திரி.”

என் கையில் கூழ்ச் சட்டி இருந்தது. அதை அவள் தலையில் கவிழ்க்க வேண்டும் போல இருந்தது. அன்றிலிருந்து அத்தையை எனக்குப் பிடிக்காது. இதையும் மேடையில் சொல்லவில்லை.

ரோட்டோரம் பஞ்சர் கடை ஒன்று இருந்ததே, இப்போது செல்போன் கடை இருக்கிற இடம். அங்கே ஒரு நாள் அந்த அண்ணன் ஒட்டுப்போட்ட டியூப்பைத் தொட்டித் தண்ணீரில் முக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். குமிழ் வரவில்லை. உள்ளே இருக்கிற காற்று வெளியே வராவிட்டால், வெளியே இருக்கிற தண்ணீரும் உள்ளே போகாது என்று எனக்குத் தோன்றியது அங்கேதான். பெரிய ஞானம் ஒன்றும் இல்லை. என் மூளை முழுக்க அம்மாவின் குதிகால் இருந்ததால் எதைப் பார்த்தாலும் அதுவாகவே தெரிந்தது.

“அண்ணே, பழைய லாரி டியூப் துண்டு இருந்தா தர்றீங்களா?”

“எதுக்குப் பாப்பா?”

“உண்டிகோல் செய்ய.”

“பொம்பளப்புள்ளைக்கு உண்டிகோலா? யார் மண்டைய ஒடைக்கப் போற?” என்று சிரித்தார். சும்மா தரவும் இல்லை. தினமும் காலையில் அடிபம்பிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து அவர் தொட்டியை நிரப்ப வேண்டும், அதற்கு டியூப் துண்டும், டப்பா அடியில் மிச்சமிருக்கும் ஒட்டுகிற சொல்யூஷனும் என்று பேச்சு. அந்த சொல்யூஷன் வாசனை உங்களுக்கு நினைவிருக்கிறதா? ஒரு மாசம் என் ஜடையெல்லாம் அதுதான். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று சண்டை போட்டவள் யார் என்று நான் பெயர் சொல்லப்போவதில்லை.

டியூப்பை விரித்து, பாதம் வைக்கிற அளவுக்கு வெட்டி, சுற்றி மேலே மடித்து ஒட்டினேன். பார்க்கக் கறுப்புக் கொழுக்கட்டை. அதை அம்மா முன்னால் வைத்தேன். அம்மா ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் பளாரென்று ஓர் அறை விட்டாள்.

“பாத்தியில செருப்பா? உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?”

அறைக்குக் காரணம் உண்டு. அளத்துக்குப் போகிற பெண்கள் செருப்பை வரப்பு தொடங்கும் இடத்திலேயே கழற்றிவிடுவார்கள். வரிசையாகக் கிடக்கும். செருப்புக் கால் பட்டால் அந்தப் பாத்தியில் உப்பு கட்டாது என்பது அங்கே எல்லோரும் நம்பியது. உப்பு மகாலட்சுமி என்பார்கள் மற்றவர்கள். நாங்கள் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற குடும்பம், எங்களுக்கு லட்சுமி கிடையாது. ஆனால் அந்தப் பயம் மட்டும் எங்களுக்கும் அப்படியே இருந்தது. ஃபாதர் என்ன பிரசங்கம் செய்தாலும் வரப்பு வந்ததும் கால் தானாகச் செருப்பை உதறிவிடும்.

அத்தை அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எங்கள் வீட்டுப் பின்னால் தண்ணீர் அண்டாவில் காலை விட்டு நின்று பார்த்தாள். பிறகு கழற்றி என் மேல் வீசினாள்.

“ஒட்டுவாயி பொளந்துக்குது. இத செய்யறதுக்கு நீ தூங்கியிருக்கலாம்.”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கடலுக்குப் போகிற மாமா ஒருவர் வீட்டில் வலை நூல் வாங்கி, கோணி ஊசியால் தைத்தேன். மறுநாள் அதையும் போட்டுப் பார்த்தாள்.

“சேத்துல வழுக்குது. உங்கம்மா பல்லு ஒடையணுமா?”

பழைய டயர்ச் சில்லுகளை அடியில் பட்டை பட்டையாகத் தைத்தேன். ஊசி இரண்டு முறை உள்ளங்கையில் ஏறியது.

“மேலால தண்ணி பூருது.”

கணுக்கால் வரை உயர்த்தினேன். மேலே நாடா வைத்து இறுக்கிக் கட்டச் செய்தேன்.

“பூந்த தண்ணி வெளிய போவ வழியில்லியே. காலு உள்ளயே ஊறுது.”

“பூராத மாதிரி இறுக்கிக் கட்டிக்கோ,” என்றேன் வெடுக்கென்று. பன்னிரண்டு வயதில் எனக்கு இருந்த திமிர் இப்போது பாதி இல்லை. அத்தை என்னை முறைத்துவிட்டு, “வாய் மட்டும் நல்லா தெச்சி வெச்சிருக்க,” என்று போனாள். அந்த ஒரு நொட்டையை மட்டும் நான் சரி செய்யவில்லை.

பாத்திக்குள் அதை எப்படிக் கொண்டுபோவது என்று வழி கண்டதும் அத்தைதான். பழைய புடவைத் துணியைக் கிழித்து அதன் மேல் சுற்றினாள். வெளியே பார்த்தால் புண்ணுக்குக் கட்டுப் போட்ட கால். கட்டுப் போட்ட காலோடு பாத்தியில் நிற்பதை யாரும் கேட்க மாட்டார்கள், பாதிப் பெண்கள் அப்படித்தான் நின்றார்கள். “யார் கேட்டாலும் இது கட்டு. செருப்புன்ற வார்த்த உங்க வாயில வந்துது, நானே நாக்க அறுத்துடுவேன்,” என்றாள் எங்கள் இருவரிடமும். அம்மா சிலுவை போட்டுக்கொண்டு காலை நீட்டினாள்.

பத்து நாளில் அம்மாவின் குதிகால் வறண்டு, தோல் மூட ஆரம்பித்தது. அம்மா முழுப் பாதத்தையும் ஊன்றி நடந்ததைப் பார்த்த பெண்கள் ஒவ்வொருத்தியாகப் பின்வாசலுக்கு வந்து அம்மாவிடம் கேட்டார்கள். “ஏம்மா, உங்கண்ணி சொன்னாங்க, எனக்கும் ஒரு கட்டு வேணும்.” ஆறு பேருக்குச் செய்தேன். சும்மா தரவில்லை. புடவைத் துணியும் வலை நூலும் கொண்டுவந்தால்தான் ஊசியைத் தொடுவேன் என்றேன். ஒரு அக்கா அதற்கு மேல் ஒரு கூடை கருவாடும் கொடுத்தாள். கூட வேலை செய்கிறவர்களிடம் கை நீட்டுகிறாயே என்று அம்மா கூசிப்போனாள். எனக்கு ஒரு கூச்சமும் இல்லை, சந்தோஷமாக இருந்தது. இனி பாத்தியில் இறங்க வேண்டாம் என்று நான் நிம்மதியாக முழுப்பரீட்சைக்குப் படிக்க உட்கார்ந்தேன்.

அப்போதுதான் மழை வந்தது. பங்குனியில், ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு வர இரண்டு நாள் இருக்கும்போது, வெள்ளிக்கிழமை மத்தியானம். கடல் பக்கம் கறுத்தது, அரை மணி நேரம் கொட்டியது, நின்றது. அரை மணி நேரம் போதும். கட்டி வந்த உப்பெல்லாம் கரைந்து, பாத்திகள் வெறும் குட்டைகளாகக் கிடந்தன. கரையில் குவித்திருந்த உப்புக்கு ஓலை மூட ஓடியபோது ஒரு பெண்ணின் துணிக்கட்டு அவிழ்ந்து, உள்ளே இருந்த ரப்பர் தனியாகக் கழன்று பாத்தியில் மிதந்தது.

மறுநாள் நான் கூழோடு போனபோது மேஸ்திரி அதைக் குச்சியால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். பெண்கள் எல்லோரையும் வரப்பில் உட்காரவைத்திருந்தார்.

“எல்லாரும் கட்ட அவுங்க.”

பெண்கள் புடவையை இழுத்துக் காலை மூடிக்கொண்டார்கள்.

“அவுங்கன்றேன். பங்குனியில எங்கியாச்சும் மழ பேயுமா? இன்னாடா இது, எட்டூருக்கு இல்லாத மழ நம்ம அளத்துக்குன்னு வந்துதேன்னு பாத்தா, செருப்ப போட்டுக்கினு பாத்திய மிதிச்சிக்கினு இருக்கீங்க.”

மழை எட்டு ஊருக்கும்தான் பெய்தது. அதைச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. ஒவ்வொருத்தியாக அவிழ்த்தார்கள். என் தையல், என் பட்டைகள், எல்லாம் ஒரு குவியலாகக் கிடந்தன. யார் செய்தது என்று அவர் கேட்கவே வேண்டியிருக்கவில்லை, ஆறு பேரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

“சரி. உங்க ஜோடி நாளையிலேர்ந்து வர வேணாம்,” என்றார் அம்மாவையும் அத்தையையும் பார்த்து.

அத்தை எழுந்து நின்றாள். இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டாள்.

“ஏன் மேஸ்திரி, செருப்பு பட்டா உப்பு கட்டாது, அதானே? அந்தக் கோடிப் பாத்திய எங்களுக்குக் குடு. இத போட்டுக்கினே மிதிச்சி எறுக்கறோம், இத போட்டுக்கினே தண்ணி உடறோம். காலையில கட்டுனா சாயந்தரம்தான் அவுப்போம். நீ சொன்ன அந்தத் திங்கக்கெழமைக்குள்ள உப்பு கட்டலன்னா நாங்க ரெண்டு பேரும் போயிடறோம். இதோ இந்தப் பொண்ணு வந்து இந்த வருசம் முழுக்க உன் அளத்துல நிக்கும்.”

என்னைக் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் பள்ளிக்கூடத்தை எடுத்து அவர் முன்னால் வைத்துவிட்டாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். மேஸ்திரி அந்த ரப்பர்க் குவியலைக் குச்சியால் புரட்டினார். முதலாளிக்குத் தெரிந்தால் தன் வேலைக்கே ஆபத்து என்று அவர் முகத்தில் தெரிந்தது. கடைசியில், “கோடிப் பாத்தி. திங்கக்கெழம காத்தால,” என்றார்.

அந்த வாரத்தை எப்படிச் சொல்வது! பரீட்சைக்குப் படிக்கிற புத்தகத்தைத் திறந்தால் எழுத்து நகரும். பள்ளிக்கூட மணி அடித்ததும் பையோடு அளத்துக்கு ஓடுவேன். மழைக்குப் பிறகு பாத்தியின் களிமண்ணை மறுபடி மிதித்து இறுக்க வேண்டும், பிறகு பக்கத்துப் பாத்தியில் மிஞ்சிய, உப்பேறிக் கெட்டியான தண்ணீரை விட வேண்டும், பிறகு வெயிலையும் காற்றையும் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும். திங்கள், செவ்வாய் முழுக்க இருவரும் மிதித்தார்கள். புதன்கிழமை தண்ணீர் விட்டார்கள். மற்ற பெண்கள் போகிற வருகிற போதெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்கும் கால் இருக்கிறதே.

நான் தினமும் அத்தையிடம் கேட்டேன். “சரியா இருக்குதா அத்த?”

“இருக்குது.”

“வழுக்கலியா?”

“இல்ல.”

“தண்ணி பூருதா?”

“போய்ப் படிடி.”

அவ்வளவுதான். நொட்டை இல்லாமல் ஒரு டம்ளர் காபி குடிக்கத் தெரியாதவள், அந்த வாரம் ஒன்றுகூடச் சொல்லவில்லை. எனக்கோ தலைகால் புரியவில்லை. ஒருவழியாகச் சரியாகச் செய்துவிட்டேன், இனி அவள் சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்று நினைத்தேன். வியாபாரத்தில் இத்தனை வருஷம் இருந்துவிட்டுச் சொல்கிறேன், வாங்கியவள் வாயை மூடிக்கொண்டால் இன்றைக்கு நான் அவள் வீடு தேடிப் போய்க் கேட்பேன். அன்றைக்கு அது தெரியாது.

பெரிய வெள்ளி வந்தது. மூன்று மணிக்குக் கோயிலில் சிலுவைப்பாதை. நீங்களும் இருந்தீர்கள், பெண்கள் பக்கம் கூட்டம் நெரிந்தது. எல்லோரும் வெறுங்கால். அத்தை ரப்பரைக் கழற்றிவிட்டுத் துணியை மட்டும் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள். ஏசு பாடுபட்ட படங்கள் சுவரில் பதினான்கு, அந்த ஒவ்வொரு ஸ்தலத்துக்கும் எல்லோரும் முழந்தாளிட்டு எழ வேண்டும். முதல் இரண்டு ஸ்தலம் செய்தாள். பிறகு தூணில் சாய்ந்து நின்றுவிட்டாள். வருஷா வருஷம் பதினான்கும் முழந்தாளிடுகிறவள். முகத்தில் வேர்வை, உதடு வெள்ளையாக இருந்தது.

கூட்டம் அடுத்த ஸ்தலத்துக்கு நகர்ந்தபோது அவளும் ஓரடி நகர்ந்தாள். அவள் கால் இருந்த இடத்தில் சிவப்புத் தரையில் ஈரமாக ஒரு தடம். தண்ணீர் இல்லை. மஞ்சளும் பழுப்புமாக, பிசுபிசுப்பாக இருந்தது. ஒரு வாடையும் வந்தது, சாம்பிராணியைத் தாண்டி வந்தது.

எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். கேட்டால் அவள் சொல்லியிருப்பாளோ என்னவோ, ஆனால் யாராவது பார்த்துவிட்டால், அம்மா பார்த்துவிட்டால், அத்தையைப் பாத்தியில் இறங்க விட மாட்டாள். ஜோடி உடைந்துவிடும். திங்கட்கிழமை வராது. நான் அளத்துக்குப் போக வேண்டும். இத்தனையும் ஒரு நொடியில் கணக்காக மனசில் ஓடியது. பின்னால் அம்மா வந்துகொண்டிருந்தாள். நான் நகர்ந்து அந்தத் தடத்தின் மேல் ஏறி நின்றுகொண்டேன். என் உள்ளங்காலில் அது வெதுவெதுப்பாக ஒட்டியது. அம்மா என்னைத் தாண்டிப் போகும்வரை அங்கேயே நின்று ஜெபம் சொன்னேன்.

பாவத்தோடு நன்மை அப்பம் வாங்கக் கூடாது என்று ஈஸ்டர் பூசையில் நான் வாங்கவில்லை. வயிற்றுவலி என்று சொன்னேன்.

திங்கட்கிழமை காலை. பாத்திகள் பக்கம் காற்றே இல்லை. வெயில் ஏறுவதற்குள் ஆறு பெண்களும் வந்துவிட்டார்கள், கால்வாய்க்கு அந்தப் பக்கத்து அளத்திலிருந்துகூட நாலு பேர் வந்திருந்தார்கள். மேஸ்திரி கோடிப் பாத்தியின் வரப்பில் குந்தி உட்கார்ந்து தண்ணீருக்குள் கையை விட்டார். அடியில் துழாவினார். கையை வெளியே எடுத்து விரித்தார். சின்னச் சின்னதாக, சதுரம் சதுரமாக, வெள்ளையாக இருந்தது. ஒன்றை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார், அவர் ஏதோ வேறு ருசியை எதிர்பார்த்தவர்போல.

“கட்டியிருக்குது,” என்றார். பிறகு எழுந்து பெண்களைப் பார்த்தார். “போட்டுக்குங்க. ஆனா ஒண்ணு, செருப்புன்னு யாரும் சொல்லக் கூடாது. கட்டுன்னே சொல்லுங்க.”

ஆறு பேரும் ஓவென்று கத்தினார்கள். யாரோ என்னைத் தூக்கினார்கள். மேடையில் நான் இந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டேன், நீங்களும் இந்த இடத்தில்தான் கை தட்டினீர்கள்.

அத்தை கத்தவில்லை. வரப்பில் உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடி இருந்தாள். “அண்ணி, எழுந்துருங்க,” என்று அம்மா கையைக் கொடுத்தாள். அத்தையால் எழ முடியவில்லை. அம்மா குனிந்து துணியை அவிழ்த்தாள், நாடாவை அவிழ்த்தாள். ரப்பர் வரவில்லை. இழுத்ததும் தோலோடு வந்தது. இடது கால் சுண்டு விரலும் அதற்கு அடுத்ததும் கறுத்து, ஊதி, விரலாகவே இல்லை. முதல் நாள் மிதிக்கும்போதே சிப்பித் துண்டு ஒன்று உள்ளே போய்க் குத்தியிருக்கிறது. ஏழு நாளும் அந்தக் காயம் நான் தைத்த பைக்குள், வெளியே போக வழியில்லாத தண்ணீரில் ஊறியிருக்கிறது.

உப்பு லாரியிலேயே பாண்டிக்குக் கொண்டுபோனார்கள். பெரியாஸ்பத்திரியில் இரண்டு விரலையும் எடுத்துவிட்டார்கள். ரத்தத்தில் சர்க்கரை இருக்கிறது, அதனால்தான் வலி கூடத் தெரியவில்லை, அதனால்தான் புண் இப்படி ஆகிவிட்டது என்று டாக்டர் சொன்னாராம். வீட்டில் எல்லோரும் அந்தச் சர்க்கரையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். “நம்ம கையில இன்னா இருக்குது, சக்கர வியாதி,” என்று அப்பாகூட வாய் திறந்தார். நானும் தலையாட்டினேன். வலி தெரியாதவள் எதற்குத் தூணில் சாய்ந்து நின்றாள் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

அம்மாவுக்கு வேறொரு பெண்ணை ஜோடி போட்டார் மேஸ்திரி. அம்மா இடம் நின்றது. நான் பரீட்சை எழுதினேன், ஜூனில் எட்டாம் வகுப்பில் உங்களோடு வந்து உட்கார்ந்தேன். அத்தை அதற்குப் பிறகு பாத்தியில் இறங்கவே இல்லை.

ஆஸ்பத்திரிக்கு அம்மா என்னை அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போனாள். வார்டில் அம்மா தட்டைக் கழுவ வெளியே போனதும் நானும் அத்தையும் மட்டும் இருந்தோம். கால் கட்டு பெரிதாக, வெள்ளையாக இருந்தது. அதைப் பார்க்காமல் கட்டில் கம்பியைப் பார்த்தேன்.

“இன்னும் எத்தினி பேரு கேட்டாங்க?” என்றாள்.

“ஒம்போது பேரு, அத்த.”

“எந்த அளவுல வெட்டப் போற?”

வேட்டிப் பெட்டி அட்டையில் அத்தையின் இடது பாதத்தைக் கரித்துண்டால் வரைந்து வைத்திருந்தேன். அதுவரை எல்லோருக்கும் அதை வைத்துத்தான் வெட்டினேன், ஆளுக்கு ஒரு விரல் கூட்டிக் குறைத்து.

“அந்த அட்டையத் தூக்கிப் போடு,” என்றாள். “அந்தக் காலு இப்ப இல்ல. உங்கம்மா கால வரஞ்சிக்கோ. அடியில நாலு ஓட்ட போடு, சுடுகம்பியால. நான் அன்னிக்கே சொன்னேன், நீ கேக்கல.”

“சரி அத்த.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. பாவாடையால் முகத்தை மூடிக்கொண்டேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

“கோயில்ல நீ மேல ஏறி நின்னியே. பாத்தேன்.”

முகத்திலிருந்து பாவாடையை இறக்கினேன்.

“அப்ப நான் கேட்டிருந்தா சொல்லியிருப்பியா அத்த?”

“சொல்லியிருக்க மாட்டேன்,” என்றாள். “ஆனா நீ கேட்டிருக்கணும்.”